விண்டர்கிரீன் தைலமும் அப்பாவின் வார்ஃபரின் மாத்திரையும்

கேத்திக்காரன்

ரெண்டு மாசமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது. நம் மலையில் பாதி வீடுகளில் வலிக்குத் தேய்க்கிற இந்தத் தைலம் இருக்கிறது, யாருக்காவது உதவலாம்.

அப்பாவுக்கு வயது 71. இதய வால்வு மாற்றியதிலிருந்து தினமும் சாயங்காலம் வார்ஃபரின் மாத்திரை. ரத்தம் உறையாமல் இருப்பதற்கானது; அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கும். அதனால் அவ்வப்போது ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை; எண் ஏற ஏற ரத்தம் உறைய நேரமாகிறது என்று அர்த்தம். அவருக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மூன்று வருஷம் ஒழுங்காக நின்றது.

போன ஆடி மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கி அவருக்கு முழங்கால் வலி. ஊட்டியிலிருந்து சித்தப்பா ஒரு பாட்டில் விண்டர்கிரீன் தைலம் வாங்கி வந்தார், லேபிள்கூட இல்லாத பாட்டில். ஆயுர்வேதக் கடைகளில் கந்தபூரா தைலம் என்பார்களே, அதேதான். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்து, மேலே வெந்நீர்ப் பை வைத்து, கம்பளியையும் சுற்றிக்கொண்டு படுப்பார். வலி நன்றாகக் குறைந்தது, அதை மறைக்கக் கூடாது.

மூன்றாவது வாரம் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். முழங்காலுக்குக் கீழே அடிபடாமலே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு, என் உள்ளங்கை அளவு. கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம். ஐ.என்.ஆர். 6.8.

மாத்திரையை ரெண்டு தடவை போட்டுவிட்டாரா, புதுசாக ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்கிறார், எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று நாங்கள் தலையாட்டுகிறோம், நாட்டு மருந்து ஏதாவது என்று கேட்டதற்கும் சேர்த்துத்தான், ஏனென்றால் எங்கள் கணக்கில் மருந்து என்றால் வாய்க்குள் போவது. ரத்தம் எடுக்க வந்த நர்ஸம்மா நம்ம ஊர்ப் பக்கம் போல. வேட்டியை ஒதுக்கியதும் வாசனை பிடித்துவிட்டார். “ஐயா, காலுக்கு விண்டர்கிரீன் போடறீங்களா?”

அந்தத் தைலத்தில் ஏறத்தாழ முழுக்க முழுக்க இருப்பது மெதில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரப் பொருள். தோல் வழியாகவே ரத்தத்துக்குள் போய்விடும், சூடு வைத்தால் இன்னும் வேகமாக. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதைத் தேய்த்து ஐ.என்.ஆர். எகிறிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். அப்புறம் நானே தேடிப் படித்தேன். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, கிட்டத்தட்ட 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். சாதாரண மாத்திரைக் கணக்கில் இருபதுக்கு மேல். குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் அது ஜன்னல் திட்டில், பேத்திக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

பழியை முழுக்கத் தைலத்தின் மேல் போடவும் முடியாது. வார்ஃபரினுக்குக் கீரை ஆகாது என்று யாரோ சொல்லி, அதே மாதம் அம்மா கீரை, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் விளைகிற கேத்தியில்! அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் மாத்திரை அளவே அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற கீரையை வைத்து அமைந்தது. திடீரென நிறுத்தினால் மருந்தின் கை ஓங்கும். தினமும் ஒரே மாதிரி சாப்பிடச் சொன்னார் டாக்டர். எது எவ்வளவு பங்கு என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பூம்பாறை அக்கா

தம்பி, அப்பா இப்போ எப்படி இருக்கார்?

எனக்கு நடந்தது பூண்டு. நாங்க விளைவிக்கிறதே மலைப்பூண்டுதான், புவிசார் குறியீடு வாங்கின பூண்டு, பெருமை இல்லாமலா? கொழுப்பு குறையும்னு தினமும் அஞ்சாறு பல் பாலில் வேகவச்சுச் சாப்பிட்டேன், அது போதாதுன்னு மாத்திரையாவும். பித்தப்பை ஆபரேஷனுக்குப் போன இடத்தில் மயக்க டாக்டர் கேட்ட பிறகு தேதியையே தள்ளி வச்சாங்க. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் ஒட்டுறதைப் பூண்டு குறைக்கும், ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணுமாம். கல்லூரியில் படிக்கிற என் மகள் இன்னொன்னும் சொல்லி வயித்தெரிச்சலைக் கிளப்பினா. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்கு ஆறு மாசம் பச்சைப் பூண்டு, பூண்டு மாத்திரைன்னு கொடுத்துப் பார்த்தாங்களாம், 2007-ல் வெளிவந்தது, கெட்ட கொழுப்பு அசையவே இல்லையாம். ரசத்தில் போடுறதை நான் நிறுத்தப் போறதில்லை, அது வேற.

கூடலூர் மிளகு

மிளகுக்கும் ஒரு கதை உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் சரியாகச் சேராது. 1998-ல் பெங்களூருவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. இதை அச்சடித்துத்தான் இன்று காப்ஸ்யூல் விற்கிறார்கள். விற்கிறவர் சொல்லாதது என்னவென்றால், பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவு திறந்துவிடுவதில்லை. என் அண்ணன் வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறான், ரத்தத்தில் அதன் அளவையும் பைப்பரின் ஏற்றும். பொங்கலில் போடுகிற மிளகைச் சொல்லவில்லை. காப்ஸ்யூலில் அடைத்த சத்தைச் சொல்கிறேன்.

தாண்டிக்குடி

என்னப்பா எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள்? எங்கள் பாட்டி சளிக்கு ஆடாதோடை இலைக் கஷாயம் வைப்பாள், கசப்பு காதுவரை ஏறும். சளி இளக டாக்டர் எழுதித் தருகிற புரோம்ஹெக்சின் எங்கிருந்து வந்தது? ஆடாதோடையிலுள்ள வாசிசினை முன்மாதிரியாக வைத்துத்தான் செய்தார்கள். ஆனால் என் அண்ணி மாசமாக இருந்தபோது எவ்வளவு இருமினாலும் பாட்டி அவளுக்கு அதைத் தரவில்லை. ஏனென்று கேட்டதற்கு “ஆகாதுன்னா ஆகாது” என்றாள். வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும் என்று பின்னால் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கேத்திக்காரன்

அக்கா, நன்றாக இருக்கிறார். வைட்டமின் கே கொடுத்து, மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது 2.9. முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் மட்டும்தான், “இதெல்லாம் ஒரு ஒத்தடமா” என்று தினமும் அம்மாவுக்குத் திட்டு விழுகிறது. பாட்டிலைப் பூட்டின அலமாரியில் வைத்திருக்கிறேன், சாவி என்னிடம். மழை நாளில் மட்டும் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்.