சட்டத்தரணி கந்தோர் வேலை போனது: கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

கச்சேரியடியான்:
யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் எட்டு வருசமாகக் கிளாக்கர். போன மாதம் நிற்பாட்டிவிட்டார்கள். காணி உறுதி (பத்திரம்) எழுத வருகிற சனம் குறைந்துவிட்டதாம். அழுகை வரும் என்று பார்த்தால் மனசு லேசாக இருக்கிறது. காலையில் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியின் பழைய பதிவு) தேட வரிசை, பகல் முழுக்கத் தட்டச்சு, இரவு படுக்கப் போகிற நேரத்தில் கனடாவிலிருந்து “தம்பி, அற்றோணித் தத்துவம் என்னாச்சு?” என்று, ஊரில் தனக்காகக் கையெழுத்திட ஆள் நியமிக்கும் பத்திரத்தைக் கேட்டு அழைப்பு. “2 பரப்பு 9 குழி” என்ற காணி அளவில் ஒரு குழி பிசகினாலும் ஏச்சு எனக்குத்தான். இப்போது இரவில் போனை நிற்பாட்டிவிட்டுப் படுக்கிறேன்.
நானாக விலகியதாகக் கடிதம் தந்தால் ஒரு மாதச் சம்பளம் தருவார்களாம். எழுதிக் கொடுத்து முடிக்கலாம் என்றிருக்கிறேன்.

சுன்னாகத்தான்:
எழுதிக் கொடுங்கோ அண்ணை. சட்டத்தரணியோடு வழக்காடினால் வருசக்கணக்கில் அதே நீதிமன்ற வளாகத்தில் அதே முகங்களைப் பார்க்க வேண்டும். விட்டு வந்ததே பெரிய விசயம்.

மருதடி அக்கா:
தம்பி, கையெழுத்துப் போடாதே. நீயாகப் போனாய் என்று எழுதிக் கொடுத்தபின் வேலைநீக்கம் என்று எப்படிச் சொல்வாய்? இத்தனை வருசம் மற்றவர்களின் கடதாசியைச் சரிபார்த்தவன் உன்னுடையதைச் சரிபார்க்க மாட்டாயா?

சுன்னாகத்தான்:
அக்கா, வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் 15 பேருக்குக் குறைந்த இடத்துக்குச் செல்லாது. அந்தக் கந்தோரில் நாலைந்து பேர்தான் இருந்திருப்பார்கள்.

மருதடி அக்கா:
சரி, அந்தச் சட்டத்தை விடு. வேலைத் தகராறுகளை விசாரிக்கிற தொழில் நியாய சபை இருக்கிறதே. வேலை போன நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சின்ன இடமானாலும் பணிக்கொடையை, அதாவது வேலை செய்த வருசங்களுக்கான தொகையை, அங்கே கேட்கலாம். 15 பேரோ அதற்குக் கூடவோ உள்ள இடமென்றால் 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருசம் தாண்டியவருக்கு வருசத்துக்கு அரை மாதச் சம்பளம், தானாக விலகினாலும் உண்டு. அந்தக் கணக்கைக் கையில் வைத்துப் பார். எட்டு அரை மாதம் என்றால் நாலு மாதச் சம்பளம். அவர்கள் நீட்டுவது ஒன்று.
ஊழியர் சேமலாப நிதியையும் பார். அதற்கு உன் சம்பளத்தில் 8 வீதத்தைப் பிடித்தார்கள், அவர்களின் 12 வீதத்தைக் கட்டினார்களா?

வடலி:
நிம்மதி நிம்மதி என்கிறீர்கள். மனுசி உழைக்கிறாவா அண்ணை? அப்படியென்றால் உங்கள் நிம்மதி அவவின் சம்பளத்தில் ஓடுகிறது. அவவிடம் கேட்டீர்களா?

கச்சேரியடியான்:
கேள்வி சுடுகிறது. அவ ஆசிரியை. “நீங்கள் சிரித்து எத்தனை நாள், முதலில் நித்திரை கொள்ளுங்கோ” என்றுதான் சொன்னா. கடிதத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அக்கா, சண்டைக்குப் போனால் திரும்ப அந்த வேலையைக் கேட்டு நிற்கிறேன் என்று ஊர் நினைக்காதா?

மருதடி அக்கா:
வேலையைக் கேட்காதே, காசைக் கேள். இரண்டும் வேறு. முதலில் தொழில் திணைக்களத்துக்குப் போய்ச் சேமலாப நிதிக் கணக்கை எடு.

சுன்னாகத்தான்:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை. நாலு மாதச் சம்பளத்துக்காக இரண்டு வருசம் அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். வெளியில் தோம்பு தேடிக் கொடுத்தாலே அதைவிடக் கூட உழைப்பார்.

கச்சேரியடியான்:
கணக்கை எடுக்கத் திங்கள் போகிறேன். அதுவரை கடிதம் இல்லை. வழக்கா இல்லையா என்பதை மனுசியோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன். அந்தக் கந்தோருக்குத் திரும்பிப் போகிற எண்ணம் மட்டும் இல்லை.