விடியலில் புளிக்கும் பருப்புக்கீரை

மூன்று ஆண்டுகளாகக் களை என்று பிடுங்கி எறிந்த செடியைத்தான் இப்போது தனித் தொட்டியில் வளர்க்கிறேன் என்று சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ரோஜாத் தொட்டிகளின் ஓரத்தில் செந்நிறத் தண்டும் சதைப்பற்றுள்ள சிறு இலைகளுமாகப் படர்ந்து கிடந்த அது பருப்புக்கீரை என்று அடையாளம் காட்டியவர் என் மாமியார். பிடுங்கிய செடியை மண்மேலேயே போட்டுவிட்டால், தண்டில் தேக்கிவைத்த நீரைக் கொண்டே அது மீண்டும் வேர்விட்டுவிடும் என்று அவர் சொன்னபோதுதான், நான் பிடுங்கப் பிடுங்க அது பெருகி வந்ததன் காரணம் விளங்கியது.

முதல் முறை விடியற்காலையில் பறித்துப் பருப்போடு வேகவைத்தேன். புளி சேர்க்காத குழம்பு அப்படிப் புளித்ததைக் கண்டு, பருப்புதான் கெட்டுவிட்டதோ என்று ஐயப்பட்டேன். அடுத்த வாரம் அதே தொட்டியிலிருந்து மாலையில் பறித்த கீரையில் அந்தப் புளிப்பு பெரும்பாலும் இல்லை. நீர் குறையும்போது இச்செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் கரியமில வாயுவை உள்வாங்கி, அதைப் புளிப்புச் சுவை தரும் மாலிக் அமிலமாகச் சேமித்துவைக்கிறது. பகல் வெயிலில் அந்த அமிலம் செலவாகிவிடுகிறது. நான் ஒழுங்காக நீர் ஊற்றாத தொட்டி என்பதால் வேறுபாடு அத்தனை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது தயிரில் கலந்து பச்சையாக உண்பதற்குக் காலையிலும், பருப்புக்கு மாலையிலும் பறிக்கிறேன்.

100 கிராம் கீரையில் ஏறத்தாழ 93 கிராம் நீர்தான். 20 கலோரிக்கு மேல் கிடைக்காது. ஆனால் அந்த மிச்சத்துக்குள் சுமார் 490 மில்லிகிராம் பொட்டாசியமும், 68 மில்லிகிராம் மக்னீசியமும், 21 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் அடங்கியிருக்கின்றன. ஒமேகா-3 என்னும் நல்ல கொழுப்பு வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் மற்ற கீரைகளைவிட இதில் மிகுதி என்பது உண்மையே. இருந்தாலும் மீனுக்கு ஈடு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மீனில் உள்ள ஒமேகா-3 வேறு வகை, கீரையில் உள்ளதை அவ்வகையாக நம் உடல் மிகச் சிறிதளவே மாற்றிக்கொள்கிறது.

என் கணவருக்கு முன்பு சிறுநீரகக் கல் இருந்ததால், கால்சியத்தோடு சேர்ந்து அத்தகைய கல்லை உண்டாக்கக்கூடிய ஆக்சலேட் என்னும் பொருள் இக்கீரையில் மிகுதி என்று அறிந்ததும் சில மாதங்கள் சமைப்பதையே நிறுத்திவிட்டேன். மருத்துவரிடம் கேட்ட பிறகு, எப்போதாவது சிறிதளவு மட்டும், நிறைய நீரில் வேகவைத்து வடித்து, தயிரோடு சேர்த்து அவருக்குக் கொடுக்கிறேன். நீரில் கரையும் ஆக்சலேட்டில் ஒரு பகுதி வடிநீரோடு போய்விடும். எஞ்சியதில் ஒரு பங்கைத் தயிரிலுள்ள கால்சியம் குடலிலேயே பிணைத்துக்கொள்ளும். வடிக்கும்போது வைட்டமின் சி-யும் பொட்டாசியமும்கூட வெளியேறும் என்பதால், எனக்கான பங்கை நான் வடிப்பதில்லை.

வதக்குவதானால் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் அடுப்பில் வைக்கக் கூடாது. இதன் வழவழப்பு அதிக நேரம் வெந்தால் கூழாகிவிடுகிறது. அதே வழவழப்பு சூப்பைக் கெட்டியாக்க மாவின் வேலையைச் செய்கிறது. தடித்த தண்டுகளை வினிகரில் ஊறவைத்தால் மொறுமொறுப்புக் குறையாமல் இருக்கும். தரையோடு படர்வதால் மண் ஒட்டியிருக்கும். மூன்று முறையாவது அலச வேண்டும்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு கைப்பிடி பறித்து வந்து, “அத்தை, உங்கள் கீரை எங்கள் வாசலிலும் முளைத்திருக்கிறது” என்றாள். பார்வைக்கு அப்படித்தான் இருந்தது, ஆனால் இலையில் சதைப்பற்று இல்லை. தண்டை ஒடித்ததும் வெள்ளைப் பால் கசிந்தது. பருப்புக்கீரைத் தண்டில் தெளிந்த நீர்தான் வரும். பால் கசிவது தரையில் படரும் அம்மான் பச்சரிசி இனத்துச் செடி, அந்தப் பால் தோலையும் கண்ணையும் உறுத்தும். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். பிறகு என் தொட்டியில் ஒரு தண்டை ஒடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.