பலஸ்திரீனாவின் 'சீகுத் செர்வுஸ்': கீபோர்டு இல்லாமல் பாடினால் சுருதி இறங்குகிறது

பாம்பன்_ஆல்ட்டோ:
பாஸ்கா திருவிழிப்புக்கு (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு) பலஸ்திரீனா என்ற இசையமைப்பாளரின் இந்த நாலு குரல் லத்தீன் பாடலை (திருப்பாடல் 42, பழைய லத்தீன் எண்ணில் 41) எடுத்திருக்கிறோம். 14 பேர், டெனர் (ஆண்களின் மேல்குரல்) 2 பேர்தான். 4 கட்டை சுருதியில் (கீபோர்டில் F) ஆரம்பித்தால் முடியும்போது அரைக்கட்டை குறைகிறது. கீபோர்டோடு பாடினால் குறைவதில்லை. என்ன செய்யலாம்?

தங்கச்சிமடம்_பேஸ்:
கீபோர்டு குறையைச் சரிசெய்யவில்லை சகோ, மூடி மறைக்கிறது. முதலில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு சொற்றொடர் முடிந்ததும் நிறுத்தி, போன் டியூனரில் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வரும் இடமும், மேலே போய்ப் படிப்படியாக இறங்கும் இடமும்தான். ஏறும்போது படி சின்னதாகவும் இறங்கும்போது பெரிதாகவும் விழும்.

ஒவ்வொரு குரலும் தனியாக, சொல் இல்லாமல் 'நூ' என்று, 4 கட்டை சுருதிப்பெட்டியோடு பாடட்டும். நாலு குரலும் சேர்ந்ததும் பெட்டியை நிறுத்திவிடுங்கள். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும்போது பெட்டியின் ஆதார ஸ்வரம் உரசும். இன்னொன்று, கீபோர்டின் காந்தாரம் இயல்பான அந்தர காந்தாரத்தைவிட 14 சென்ட் (அரைக்கட்டை என்பது 100 சென்ட்) அதிகம். அதில் பழகிய காது, கீபோர்டை எடுத்ததும் தடுமாறும்.

மூக்கையூர்_இசை:
டெனர்தான் தனியாகத் தொடங்குகிறது, பிறகுதான் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்), சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்). அந்த இருவர் தளர்ந்தால் எல்லாரும் தளர்வார்கள். பேஸில் லேசான குரல் ஒருவரை டெனருக்கு மாற்றுங்கள். டெனர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுக்கக் கூடாது. நோட்ஸில் பென்சிலால் குறித்துவிடுங்கள். சோப்ரானோ தாங்கினால் 4½ கட்டையில் ஆரம்பித்துப் பாருங்கள், பல குழுக்களுக்கு அதுவே போதும்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிக் கொடுக்காதீர்கள். பாட்டில் வரும் 'ita' என்ற லத்தீன் சொல்லை 'இதா' என்று எழுதினால் நம் வாய் 'த' எழுத்தின் ஒலியை மெலிதாக்கிவிடும். 'தேசீதெராத்'தில் ஏகாரத்தை அகலமாகச் சிரித்துப் பாடினாலும் சுருதி இறங்கும்.

ஓரியூர்_வழிபாடு:
வழிபாட்டில் எந்த இடத்தில் பாடப்போகிறீர்கள்? எசேக்கியேல் வாசகத்துக்குப் பிறகு வரும் பதிலுரைப் பாடல் மக்களுடையது, தமிழிலேயே இருக்கட்டும். திருமுழுக்குத் தொட்டிக்குப் போகும் பவனியில் பாடுங்கள்; பழைய வழிபாட்டிலும் இவ்வசனத்தின் இடம் அதுதான். முதல் பகுதி மூன்று நிமிடம் போல வரும், 'சீதீவித்' என்ற இரண்டாம் பகுதி வேண்டாம்.

பீடத்துக்கு மேலே ஓடும் மின்விசிறிகளை அந்த நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் குரல்கூடக் கேட்காது. அரைவட்டமாக நின்று டெனரை நடுவில் வையுங்கள்.

பாம்பன்_ஆல்ட்டோ:
4½ சோப்ரானோவுக்குக் கஷ்டம் என்றால்?

மூக்கையூர்_இசை:
4 கட்டையிலேயே இருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நோட்ஸ் வெவ்வேறு சுருதியில் இருக்கும், எல்லார் கையிலும் ஒரே பிரதியா என்று பாருங்கள்.