கொலின்ஸ் பாதிரியாரை மேடையேற்றும்போது

கல்லடி:
ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) கதையை நாடகமாக்கிறவங்க கொலின்ஸுக்குக் கோமாளி நடை குடுக்கிறதுதான் பெரிய பிழை. சனம் நடைக்குச் சிரிச்சிட்டு வசனத்தைக் கோட்டை விட்டிடும். ஆள் முழுக்க நேர்மையா, பூசை ஓதுற குரலில் பேசவேணும்.

19ஆம் அத்தியாயத்தை எடுங்க. பெனற் வீட்டு இரண்டாவது மகள் எலிசபெத்திடம் கலியாணம் கேட்க வந்தவர் மூன்று காரணம் அடுக்குகிறார். ஊருக்குப் பாதிரியார் முன்மாதிரியா இருக்கவேணும், தனக்குச் சந்தோசம் கூடும், தன்னை ஆதரிக்கிற கேத்தரின் சீமாட்டி கட்டச் சொல்லிட்டா. மூன்றிலும் பெண்ணைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பிறகு, பணம் தனக்குப் பொருட்டே இல்லையாம். அதே மூச்சில், தாய் செத்தாத்தான் அவள் கைக்கு வரும் ஆயிரம் பவுண், நாலு வீத வட்டி என்று புள்ளி பிசகாமல் சொல்கிறார்! இந்த இடத்தில் நடிகர் இடைவெளி விட்டால் பகிடி செத்துப்போகும். சபை சிரிக்கட்டும் என்று காத்திருக்கிறவர் தானே அதை விளங்கிக்கொண்டவர் ஆகிவிடுவார்.

முதலில் அவர் கண் வைத்தது மூத்தவள் ஜேன் மேல். அவளுக்கு வேறு இடம் சரிவரப் போகுது என்று தாய் சாடை காட்ட, அந்த மனிசி அடுப்பு நெருப்பைக் கிளறுற நேரத்துக்குள் அடுத்தவள் எலிசபெத்துக்கு மாறிட்டார். நெருப்புக் கிளறுவதைக் கட்டாயம் மேடையில் காட்டுங்க.

அக்கரைப்பற்று:
அண்ணன், எங்கட கிழக்கிலங்கைப் பக்கம் வேறொரு சிக்கல் இருக்கு. இங்க தமிழாக்களும் சரி முஸ்லிம் ஆக்களும் சரி, வீடு வளவை மகளுக்குத்தான் எழுதுறது; மாப்பிள்ளைதான் அங்க போய் இருப்பார். கதையில் சொத்து ஆண் வாரிசுக்குத்தான் சேரவேணும் என்று கட்டு; தகப்பன் கண்ணை மூடினால் வீடு தூரத்துச் சொந்தக்காரர் கொலின்ஸுக்கு. ஐந்து பெண்பிள்ளைகளும் வெளியே. இதை முதல் காட்சியிலேயே தாயின் வாயால் சொல்லவைக்காட்டி, அந்த மனிசி ஏன் இப்படிப் பதறுறா என்று சபைக்குப் பிடிபடாது. சீதனப் பிரச்சினை என்று மாத்தி எழுதினால் முடிச்சே அவிழ்ந்து போகும். சீதனம் குடுக்கிறவருக்கு முதல் ஒரு வீடாவது சொந்தமா இருக்கவேணுமே.

கல்முனை:
ஒன்று மட்டும். எலிசபெத்தின் தோழி சார்லட்டைப் பகிடியாக்காதீங்க. 27 வயது, கையில் காசில்லை, கண் திறந்தபடிதான் கொலின்ஸைக் கட்டுறா. கட்டின பிறகு அவர் தோட்டம் கொத்தினா உடம்புக்கு நல்லது என்று உற்சாகப்படுத்துறா. தனக்குப் பின்பக்க அறையை எடுத்துக்கிறா. முன்னறை சன்னலால் தெரு தெரியும், மனுசன் அங்கேயே குந்திக்கொள்வார். அவவுக்குச் சிரிப்பு வசனம் எதுவும் வேணாம், அறையை மட்டும் சரியா அமையுங்க.