ஸ்விங் ஆர்ம் போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டது, கழற்ற வழி சொல்லுங்கள்

பாம்பன் மீன்வண்டி:
வணக்கம். வண்டி 1998 மாடல் ஸ்பிளெண்டர், அப்பா ஓட்டியது. நான் பத்து வருடமாக இதில்தான் பாம்பனிலிருந்து உச்சிப்புளி வரை மீன் பெட்டி ஏற்றிப் போகிறேன். சில மாதமாகப் பின்சக்கரம் ஆட்டம் காட்டியது. பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் புஷ் (அது பிரேமோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் குழல்) போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, எனக்கும் ஓட்டம் பாதிதான். அதற்குள் மாற்றிவிடலாம் என்று நானே பிரித்தேன்.

நட்டு கழன்றுவிட்டது. ஸ்விங் ஆர்மைப் பிரேமோடு இணைக்கும் நீள போல்ட்தான் அசைய மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், துரு இளக்கும் டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரே ஒரு டப்பா காலி. சம்மட்டியால் அடித்ததில் மரை முனை காளான் மாதிரி விரிந்துவிட்டது. இன்னொன்று: தலைப் பக்கம் ஸ்பானரில் குழாய் மாட்டித் திருப்பினால் கொஞ்சம் திரும்புகிறது, கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. போல்ட் முறுக்கிக்கொள்கிறதா?

உச்சிப்புளி:
தம்பி, கேஸ் வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். நன்றாகச் சூடு காட்டி இரண்டு அடி போட்டால் வந்துவிடும். என் டிவிஎஸ் 50-க்கு அப்படித்தான் எடுத்தோம்.

கீழக்கரை லேத்:
சூடு இப்போதைக்கு வேண்டாம். தம்பி எழுதியதில் கடைசி வரிதான் முக்கியம்.

அந்த புஷ் மூன்று அடுக்கு. வெளியே ஒரு இரும்புக் குழல், நடுவில் ரப்பர், உள்ளே இன்னொரு இரும்புக் குழல். போல்ட் உள்குழலுக்குள் போகிறது. துரு பிடித்திருப்பது அங்கேதான், மரையில் இல்லை. நீங்கள் திருப்பும்போது போல்ட்டும் உள்குழலும் சேர்ந்து சுற்றுகின்றன, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. விட்டதும் ரப்பர் திருப்பி இழுத்துவிடுகிறது. சம்மட்டி அடியும் அப்படித்தான், பாதியை ரப்பர் விழுங்கிவிடும். அதனால்தான் எவ்வளவு அடித்தாலும் வராமல் முனை மட்டும் விரிகிறது.

சூடு காட்டினால் முதலில் எரிவது ரப்பர். புகை, நாற்றம், பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். பட்டறையில் டேங்கைக் கழற்றிவிட்டுச் செய்தால் வேறு விஷயம். வீட்டு வாசலில் செய்யாதீர்கள்.

அடிப்பதை நிறுத்துங்கள். விரிந்த முனையை அரத்தால் பழைய அளவுக்குத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் போல்ட் விட்டாலும் பிரேம் துளையில் மாட்டும். பேட்டரியைக் கழற்றி, டேங்கையும் இறக்கிவிட்டு வண்டியைச் சாய்த்துப் படுக்க வையுங்கள். பிரேமுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் எண்ணெய் தேங்கி நிற்க வேண்டும். நின்ற வாக்கில் ஊற்றினால் எல்லாம் தரைக்குத்தான் போகும். ஒரு நாள் ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம். இடையிடையே ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி, தலையில் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு ஸ்விங் ஆர்மை மேலும் கீழும் ஆட்டுங்கள். துரு அப்படித்தான் உடையும்.

பாம்பன் மீன்வண்டி:
நன்றி காக்கா (அண்ணே), ரப்பர் விஷயம் இப்போதுதான் புரிந்தது. டபிள்யூ.டி. 40 இனி வாங்க வேண்டாமா?

கீழக்கரை லேத்:
லேசான துருவுக்கு அது போதும். இங்கே பல வருடத் துரு. ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாக இறங்கும். ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பீடி சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. இல்லை என்றால் டீசலே போதும், நாள் கூடுதலாகும்.

தொண்டி:
பெட்டியில் ஐஸ் உருகி வடியும் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்த்தீர்களா? என் வண்டியில் நேராக ஸ்விங் ஆர்ம் மேல்தான் விழும். மீன் தண்ணீர், உப்பு, அதோடு வாடைக்காற்று. வீட்டுக்கு வந்து நாம் கழுவுவதும் போர்வெல் தண்ணீரில், அதுவும் உப்பு. காவிரிக் குழாய்த் தண்ணீர் குடிக்கவே பத்தாதபோது வண்டிக்கு எங்கே போவது?

பாம்பன் மீன்வண்டி:
நான்கு நாள் ஆகிவிட்டது. எண்ணெய் வைத்து ஆட்டினேன். தலைப் பக்கம் விட்ட மாதிரி இருக்கிறது, ஒரு நெல்மணி அளவு வெளியே வந்து நின்றுவிட்டது. மறுபக்கம் அப்படியே. தொண்டி அண்ணே சொன்னது சரி, அந்தப் பக்கம்தான் பெட்டித் தண்ணீர் வடிகிறது.

கீழக்கரை லேத்:
அப்படியென்றால் அறுத்துவிடுங்கள். போல்ட்டும் புஷ்ஷும் எப்படியும் புதிது போடப்போகிறீர்கள், காப்பாற்ற வேண்டியது பிரேமும் ஸ்விங் ஆர்மும் மட்டும்தான். ஆக்ஸா பிளேடைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, பிரேமுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே விட்டு அறுக்க வேண்டும். இடுக்கு சின்னது, ஸ்க்ரூ டிரைவரால் ஸ்விங் ஆர்மை ஒரு ஓரமாகத் தள்ளிக்கொள்ளுங்கள். போல்ட் கடினமான இரும்பு, நான்கைந்து பிளேடு போகும். கிரைண்டர் வேண்டாம், பிரேமைத் தின்றுவிடும். ஸ்விங் ஆர்ம் கையில் வந்ததும் லேத் பட்டறையில் கொடுத்தால் பிரஸ்ஸில் வைத்து எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

பாம்பன் மீன்வண்டி:
வந்துவிட்டது! ஆறு பிளேடு, இரண்டு சாயங்காலம், ஒரு விரலில் காயம். உள்குழலும் போல்ட்டும் ஒரே இரும்பாக ஒட்டிக் கிடந்தன. புது போல்ட்டுக்கு என்ன கிரீஸ் வைக்கலாம்?

தொண்டி:
படகு ஷாஃப்ட்டுக்கு வைக்கிற கிரீஸை வையுங்கள், தண்ணீரில் கரையாது. படகுத் துறையில் யாரிடமும் ஒரு கை கிடைக்கும். பெட்டிக்கு அடியில் ரப்பர் ஷீட் ஒன்று கட்டி, தண்ணீரைப் பின்னால் வழியவிடுங்கள்.

கீழக்கரை லேத்:
போல்ட் முழு நீளத்துக்கும் தடவுங்கள். நட்டை இப்போதே கடைசி முறுக்கு முறுக்கிவிடாதீர்கள். சக்கரம், ஷாக் எல்லாம் மாட்டி வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவரை உட்கார வைத்துவிட்டு இறுக்குங்கள். ஸ்விங் ஆர்ம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருக்கும், புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

பாம்பன் மீன்வண்டி:
சரி காக்கா. கையோடு கையாக சைலன்ஸர் நட்டு இரண்டையும் கழற்றிவிடலாமா? அதுவும் துருதான்.

கீழக்கரை லேத்:
புகை கசிகிறதா? இல்லையென்றால் தொடாதீர்கள். அங்கே என்ஜினின் அலுமினிய ஹெட்டுக்குள் 6 மில்லிமீட்டர் இரும்பு ஸ்டட் (தலையில்லாத போல்ட்). உப்புக்காற்றில் அலுமினியமும் இரும்பும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். உடைந்தால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். கட்டாயம் கழற்ற வேண்டிய நாள் வந்தால் என்ஜின் சூடாக இருக்கும்போது வண்டியை இங்கே கொண்டு வாருங்கள். ஸ்பானரை நான் பிடிக்கிறேன்.