புரதம் கூட்டும்போது எந்தக் காய்கறிகளைச் சேர்ப்பது?

கேள்வி:
வணக்கம். எடைப்பயிற்சி தொடங்கியதிலிருந்து முட்டை, கோழி, பருப்பு என்று புரதத்தைக் கூட்டிவிட்டேன். என் எடை 70 கிலோ, தினம் 100 கிராம் புரதம் இலக்கு. காய்கறி குறைந்துபோய் இப்போது மலச்சிக்கல். பசலைக்கீரையின் கலோரியில் பாதி புரதம்தான் என்று ஒரு படத்தில் பார்த்தேன். கீரை, பிராக்கோலி இவற்றை நிறையச் சேர்த்துக்கொண்டு கோழியைக் குறைக்கலாமா?

பதில் 1:
பச்சைப் பட்டாணி சேருங்கள். 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் புரதம், கிட்டத்தட்ட அதே அளவு நார்ச்சத்து. காய்கறிகளில் இது பெரிய விஷயம்.

பதில் 2:
பட்டாணிக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் அந்தப் படத்தை நம்பிக் கோழியைக் குறைக்காதீர்கள். கணக்கு தப்பில்லை, பார்க்கும் கோணம்தான் தப்பு. 100 கிராம் பசலையில் இருப்பதே 23 கலோரி. அதில் பாதி என்றாலும் புரதம் 3 கிராம்கூட முழுசாகத் தேறாது. 20 கிராம் புரதம் வேண்டுமென்றால் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கீரை தின்ன வேண்டும். வெந்த கோழி நெஞ்சுக்கறி 65 கிராமில் அது கிடைத்துவிடும். பிராக்கோலி, காளான் கதையும் இதேதான், 3 கிராம் பக்கம்.

அதனால் காய்கறியிடம் புரதத்தைக் கேட்காதீர்கள். முட்டையிலும் கோழியிலும் இல்லாததைக் கேளுங்கள். நார்ச்சத்து இரண்டிலும் சுத்தமாகக் கிடையாது, வைட்டமின் சி-யும் இல்லையென்றே சொல்லலாம். சிவப்புக் குடைமிளகாயைப் பச்சையாக 100 கிராம் சாப்பிட்டாலே ஒரு நாள் தேவையைவிட அதிகமாக வைட்டமின் சி கிடைக்கும். பருப்போடு சேர்த்துச் சாப்பிட்டால் பருப்பிலுள்ள இரும்புச்சத்தும் நன்றாக உடலில் சேரும். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சி-யில் பாதி அந்தத் தண்ணீரோடு போய்விடலாம், அதனால் ஆவியில் வேகவையுங்கள்.

நான் பிடிவாதமாகச் சொல்வது காளான். கலோரி மிகக் குறைவு, மெல்லும்போது கறி மாதிரியே இருக்கும். சூடான வாணலியில் எண்ணெய் விட்டுப் போட்டதும் தண்ணீர் விடும். அது வற்றி ஓரம் பழுப்பாகும் வரை கிளறாமல் விடுங்கள். உப்பு கடைசியில்தான். அப்போதே முட்டையை உடைத்து ஊற்றினால் வேறு எதுவும் தேவைப்படாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, நெஞ்சுக்கறி கணக்கைப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது. அப்படியானால் கீரையே வேண்டாமா?

பதில் 2:
ஐயோ, அப்படிச் சொல்லவில்லை! ஃபோலேட், வைட்டமின் கே எல்லாம் கீரையில் தாராளம். ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் மட்டும் பசலையைக் குறையுங்கள், அதில் ஆக்ஸலேட் அதிகம்.

பதில் 3:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும், காய்கறியிலுள்ள பொட்டாசியம்கூட அவர்களுக்குச் சிக்கலாகலாம். அப்புறம், நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு உப்பிக்கொள்ளும். முதல் வாரம் மதியத்துக்கு மட்டும் ஒரு கிண்ணம், தண்ணீரும் கூடவே. உறைய வைத்த பட்டாணி தாராளமாக வாங்கலாம், பறித்த கையோடு உறைய வைப்பதால் இனிப்பு குறையாது.