கொங்குப் பக்கம் குடிவந்து பூமி வாங்க: அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதைப் பார்க்கணும்?

புதுக்குடி:
வணக்கம். தை மாதம் சென்னையிலிருந்து கோவைக்குக் குடிமாறுகிறோம். அடுக்குமாடி வீடு வாங்கி வாடகைக்கு விட்டுத்தான் பழக்கம், பூமி வாங்கியதில்லை. புரோக்கர் இரண்டு காட்டியிருக்கிறார்: பொங்கலூர்ப் பக்கம் பங்குக் கிணற்றோடு 2 ஏக்கர் தோட்டம் ஒன்று; திருப்பூரில் லைன் வீடு, அதாவது வரிசையாகக் கட்டிய 8 சின்ன வாடகை வீடுகள், இன்னொன்று. இரண்டுக்கும் 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. இது போதுமா?

இட்டேரி:
போதாதுங்க. இந்தப் பக்கம் பூமி வழக்கு பெரும்பாலும் தடத்திலயும் (பூமிக்குப் போகிற வழி) கிணற்றுப் பங்கிலயும்தான் முளைக்கும். அது ரெண்டும் வில்லங்கச் சான்றில் தெரியாது.

முதல்ல தடம். புலப்படத்தை (சர்வே நம்பரின் அளவு வரைபடம்) எடுத்துக் கையில் வச்சுக்கிட்டு, தார் ரோட்டிலிருந்து தோட்டம் வரைக்கும் நடந்து பாருங்க. போகிற வழி தனி சர்வே நம்பரில், 'அ' பதிவேட்டில் (கிராமத்து நிலப் பதிவேடு) பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் கவலையில்லை. அடுத்தவர் பூமிக்குள் போனால் பத்திரத்தைப் பாருங்க. பழைய பத்திரங்களில் "மாமூல் வண்டித்தடப் பாத்தியம்" (வழக்கமான வண்டிப்பாதை உரிமை) என்று மட்டும் இருக்கும், அகலம் இருக்காது. மாட்டுவண்டிக்கு அது போதும். நாளைக்குப் பக்கத்துக்காரர் 8 அடி விட்டுக் கல்லு நட்டால் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி உள்ளே வராது. "இன்ன சர்வே நம்பரில் கிழக்கோரம் தென்வடல் 16 அடி அகலத் தடத்தில் ஆள், கால்நடை, வண்டி வாகனம் போகவரப் பாத்தியம்" என்று, தடம் யார் பூமியில் போகுதோ அவரே பதிவுப் பத்திரம் எழுதித் தரணும். அதையும் உங்க கிரயத்துக்கு முன்னாடி விற்கிறவரே வாங்கித் தரட்டும். கிரயம் முடிஞ்ச பிறகு நீங்க போய்க் கேட்டால் விலை வேற.

கிணறு: நாலில் ஒரு பங்கு என்றால் தண்ணீர் உங்களுக்கு முறை வச்சுத்தான். எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை ஹெச்.பி. மோட்டார், இலவச விவசாய மின் இணைப்பு யார் பேரில் என்று கேட்டு, பங்கையும் இணைப்பு எண்ணையும் பத்திரத்தில் ஏத்துங்க. மற்ற பங்காளிகள் சம்மதம் இல்லாமல் இணைப்பைப் பேர் மாத்துறது பெரும்பாடு. அந்த இலவச இணைப்பை வீட்டுக்கு இழுக்கவும் கூடாது.

கிரயம்:
இட்டேரி சொன்னதோடு இதையும் சேர்த்துக்குங்க. பூர்வீகச் சொத்தாக இருந்தால் வீட்டுப் பெண்களின் கையெழுத்து வேணும். "சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்பது பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் பெண்களுக்கும் பங்கு கொடுத்த தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989-க்கு முன்னே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தை எடுத்துடுச்சு. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்கணும் என்ற அவசியமும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 20.12.2004-க்கு முன்னே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் விஷயம் வேற. இல்லையென்றால் அக்கா தங்கைகள் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடணும், இல்லை பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செஞ்ச விடுதலைப் பத்திரம் தரணும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேரில் இருக்கும். 0.40.5 என்றால் ஒரு ஏக்கர், அதனால் உங்க 2 ஏக்கருக்கு 0.81.0 வரணும். 1979–87-ல் நில ஆவணங்களைப் புதுப்பிச்ச யு.டி.ஆர். சமயத்தில் பேரும் பரப்பும் தவறாக ஏறினது நிறைய உண்டு, பழைய 'அ' பதிவேட்டோடு ஒத்துப் பாருங்க. சர்வேயரை வச்சு அளந்து கல்லு போட்ட பிறகே மீதிப் பணம்.

கெயில் கம்பெனியின் எரிவாயுக் குழாய் மாதிரி போகும் பூமியில் பயன்பாட்டு உரிமை அவங்களுக்கு, பட்டா உங்களுக்கு. அந்தப் பட்டையில் கட்டடம், கிணறு, மரம் எதுவும் கூடாது. வில்லங்கத்தில் இது வராது, வரப்பில் நிற்கும் அடையாளக் கல்லைத் தேடுங்க.

பத்திரச் செலவு 7 சதவீதம் முத்திரைத்தாள், 2 சதவீதம் பதிவுக் கட்டணம்.

லைன்வீடு:
திருப்பூர் லைன் வீட்டுக்கு வாடகைக் கணக்கை 12 மாதத்துக்குப் போடாதீங்க, 10 மாதத்துக்குப் போடுங்க. குடியிருக்கிறவங்க பனியன் கம்பெனித் தொழிலாளிகள். ஆர்டர் குறைஞ்சால் வீடு காலி. 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடினபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் ஊரே ஆடிப்போச்சு.

எட்டு வீட்டிலும் குடியிருக்கிறவங்க கொடுத்திருக்கிற வாடகை அட்வான்ஸையும் கேட்டு எழுதி வாங்கி விலையில் கழிச்சுக்குங்க. வீட்டுக்கு 30,000 என்றாலே 2,40,000, காலி பண்ணும்போது உங்ககிட்டத்தான் வந்து நிற்பாங்க. கட்டட அனுமதி எத்தனை வீட்டுக்கு வாங்கியிருக்கு, மீட்டர் எத்தனை என்று பாருங்க. குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருதுன்னு குடியிருக்கிற பெண்களிடம் கேளுங்க, புரோக்கரிடம் வேண்டாம்.

புதுக்குடி:
மிக்க நன்றி. தோட்டத்தை எந்த மாதத்தில் போய்ப் பார்ப்பது?

இட்டேரி:
சித்திரை, வைகாசியில் போங்க. அது பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) பாசனப் பக்கம். நாலு மண்டலத்துக்கும் மாத்தி மாத்தித்தான் வாய்க்காலில் தண்ணீர் விடுவாங்க. உங்க மண்டலத்து முறை நடக்கும்போது போனால் எல்லாக் கிணறும் நிறைஞ்சு தெரியும். முறை இல்லாத கோடையில் மோட்டாரைப் போடச் சொல்லி, எத்தனை மணி நேரம் இறைக்குதுன்னு பக்கத்திலேயே நின்னு பாருங்க. அதுவரைக்கும் கோவையில் வாடகை வீட்டில் இருங்க, அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதீங்க.